காட்டுகிற கிணறு

'குடிக்க வேண்டாம்' என்று சிவப்புப் பெயின்றால் எழுதிவிட்டுப் போன கிணற்றில், பக்கத்து வளவு மூக்கன் மாமாவின் மகள் தனுஷா குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். இரவு வேலை முடிந்து கிளிநொச்சியில் இருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கிய நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். குளிக்க என்றால் வாளியில் அள்ளுவார்கள். பாத்திரம் கழுவ என்றாலும் வாளிதான். குடத்தின் வாயில் துணி கட்டி, வடித்து எடுத்துப் போனால் அது குடிக்கிற தண்ணீர்.

என்னைக் கண்டதும் குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, எழுத்துத் தெரியாதபடி கிணற்றுக்கட்டை மறைத்து நின்றாள்.

"என்ன தனுஷா, பூமரத்துக்கோ?"

"ஓம் அண்ணா. பூமரத்துக்கு."

அவர்கள் வளவில் பூமரம் இல்லை.

நான் வேலை செய்வது ஒரு உடுப்புத் தொழிற்சாலையில். இரவில் கேட்டையும் ஜெனரேற்றரையும் பார்த்துக்கொள்வது. வவுனியாக் கம்பஸில் கணினி படிக்கப் போய் இரண்டாம் வருடத்தில் நின்றுவிட்டேன். காரணம் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. இரவு முழுக்க யார் வருகிறான், யார் போகிறான் என்று பார்த்துப் பழகியவனுக்குப் பகலிலும் அந்தக் கண் போகாது. தனுஷாவின் குடம் எனக்கு நெஞ்சில் இடித்தது. அதற்குக் காரணம் எங்கள் அப்பா.

ஜெயபுரத்துக்குப் போகிற பாதையில் உள்ள எங்கள் குடியேற்றத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கிணறு. முன்கிணறு வீட்டு வளவில், பாதையோரம். சண்டை முடிந்து முகாமில் இருந்து திரும்பி வந்த பிறகு ஒரு நிறுவனம் கட்டித் தந்தது. கட்டில் அவர்களின் பெயர்ப்பலகை இருக்கிறது. தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். சவர்க்காரம் நுரைக்காது. பின்கிணறு, பின்னால் உள்ள தோட்டக் காணியில். மலையகத்தில் இருந்து அடித்துத் துரத்தப்பட்டு வந்த காலத்தில் எங்கள் அப்பாமார் காடு வெட்டி, கல் உடைத்துத் தோண்டியவை. தண்ணீர் குளிர்ந்து இனிக்கும்.

இரண்டு கிணற்றுக்கும் நடுவே வன இலாகாவின் எல்லைக் கல் நிற்கிறது. முகாமில் இருந்து வந்து பார்த்தபோதே நட்டிருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் வீட்டு வளவுக்குக் கடதாசி உண்டு. அந்தப் பக்கம் தோட்டத்துக்கு எதுவும் இல்லை. எழும்பு என்று இதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அதனால் எங்கள் இடத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பேனையோடோ, நாடாவோடோ, கமராவோடோ யார் வந்தாலும் முன்கிணற்றைக் காட்ட வேண்டும். பால்குடி மறந்த பிள்ளைக்கும் அது தெரியும். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது மட்டும் பின்கிணற்றுத் தண்ணீரில். அவர்கள் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்பார்கள். "ஓம், இந்தக் கிணறுதான்" என்று முன்கிணற்றைக் காட்டுவோம்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் ஆய்வு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளே கைபேசியால் கிணறுகளைப் பதிய வேண்டும். பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடம், பல்கலைக்கழகத்துக்குத் தரவு. ஒரு கல்லில் இரண்டு வேலை. கணினி படிப்பிக்கிற கமலாசனி ரீச்சர் உயர்தர வகுப்பில் ஆட்களைப் பிரித்து விட்டா. எங்கள் தெரு தனுஷாவுக்கு. கிணற்றடியில் நின்று போனில் ஒரு பொத்தானை அமத்தினால், வானத்தில் இருந்து இடம் பிடிபட்டு, போத்தலுக்கு ஓர் இலக்கம் வரும். அந்த இலக்கத்தை ஒட்டிய போத்தல் ஆய்வுகூடத்துக்குப் போகும். முடிவு போனில் உள்ள நிலப்படத்தில் புள்ளியாக வரும். சிவப்பு என்றால் குடிக்கக்கூடாது. பச்சை என்றால் குடிக்கலாம்.

ஆய்வை நடத்தியவன் ஜனார்த்தனன். கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறவன். அவனுடைய ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வாய்க்கால் பாசனக் காணி எடுத்தவர்கள். அவர்களின் வயலுக்கு உறுதிப் பத்திரம் உண்டு. உறுதி உள்ளவன் உறுதி இல்லாதவனிடம் வந்து, "சும்மா கிணற்றைத்தான் பாக்கிறம்" என்றால் எனக்கு உடம்பு கூசும்.

முடிவு வந்த அன்று பள்ளிக்கூடச் சுவரில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். எங்கள் தெரு முன்கிணறுகள் வரிசையாகச் சிவப்பு. புளோரைட்டு கூட என்றான். சனம் ஆளை ஆள் பார்த்துச் சிரித்தது.

"இவ்வளவு சிவப்பைப் பாத்துச் சிரிக்கிற சனத்தை இப்பதான் காணுறன்" என்றான் ஜனார்த்தனன்.

சிரிப்புக்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணியை யார் குடித்தது? அடுத்த நாளே வந்து முன்கிணறுகளில் சிவப்பு எழுதிவிட்டுப் போனார்கள்.

எல்லோரையும்விடச் சந்தோசப்பட்டவர் என் அப்பா வீரையா. அவருக்குச் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது. கிளினிக்கில் டொக்டர், "காரணம் இதுதான் எண்டு சொல்ல ஏலாது. ஆனா உங்கட பக்கம் தண்ணியில சந்தேகம். குடிக்கிற தண்ணியை மாத்திப் பாருங்கோ" என்று சொல்லியிருந்தார். சுவரில் படத்தைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, "நாமதான் முன்கிணத்துல வாயே வைக்கிறதில்லையே" என்று பின்கிணற்றுத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடிக்கத் தொடங்கினார். முன்பு முன்கிணற்றில் அரிசி கழுவிய அம்மா, அதற்கும் பின்கிணற்றுக்கு நடந்தா.

எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தனுஷா மட்டும் சிவப்புக் கிணற்றில் குடம் நிரப்புகிறாள்.

நான் அடுத்தடுத்த காலைகளிலும் பார்த்தேன். அதே குடம். போனைத் திறந்து ஆய்வுப் படத்தில் எங்கள் வீட்டுப் புள்ளியை அமத்திப் பார்த்தேன். புளோரைட்டு கூட என்று இருந்தது. அதற்குக் கீழே உப்பு: குறைவு. அந்தச் சொல்லில் என் கண் நின்றது. எங்கள் முன்கிணற்றில் உப்புக் குறைவா? அந்தத் தண்ணியில் முகம் கழுவினால் மீசையில் வெள்ளை படியும்.

அப்பாவிடம் சொன்னேன். "மூக்கன் மாமா வீட்டில முன்கிணத்தில குடிக்க அள்ளுறாங்கள்."

அப்பா வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நீ பாக்கிற நேரம் பாத்து அள்ளியிருக்கும் அந்தப் புள்ள. அப்பன் சொல்லிக் குடுத்திருப்பான்."

"எதுக்கு?"

"எதுக்கா? நாம பயந்து பின்கிணத்த விட்டுட்டா, அந்த வேலி எங்க வந்து நிக்கும்? ஏற்கனவே ஒரு கலப்பை அகலம் தள்ளிப் போட்டவன் அவன்."

முகாமில் இருந்து திரும்பிய வருடம் முதல் அந்த ஒரு கலப்பை அகலம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே கிடக்கிறது. அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. நானே அப்படி யோசித்துவிட்டுத்தான் போனேன்.

ஆனால் சந்திக் கடையில் மூக்கன் மாமாவைக் கண்டேன். ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"வீட்டுல குடிக்கலயா?" என்றார் கடைக்காரர்.

"அதக் குடிக்கவா? பொம்பளைங்க சீனி போடுறாங்களா, உப்பு போடுறாங்களான்னே தெரியல. கேட்டா, ஒங்க நாக்கு செத்துப்போச்சுங்கிறாங்க."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. திட்டம் போட்டவன் இப்படிப் புலம்ப மாட்டான். இவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது அந்த வீட்டுக் குசினியில் சமைக்கிற பெண்களுக்கு மட்டும்.

அன்று பள்ளிக்கூடம் விடுகிற நேரம் தனுஷாவின் சைக்கிளை வழியில் மறித்தேன்.

"உங்கட வீட்டில பூமரம் எங்க இருக்கு?"

அவள் காலை நிலத்தில் ஊன்றினாள்.

"எங்கட முன்கிணத்தில உப்புக் குறைவாம். போத்தலில என்ன தண்ணி விட்டனீ?"

ஹாண்டிலைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொன்னாள். "ரீச்சர் சொன்னது, சனம் குடிக்கிற தண்ணியை எடுக்கச் சொல்லி. சனம் சொன்னது, முன்கிணத்தடியில நிண்டு எடு பிள்ளை எண்டு. நான் ரெண்டையும் செய்தனான்."

"எப்பிடி?"

"குசினிக்குள்ள இருக்கிற குடத்தில போத்தலை நிரப்பினனான். முன்கிணத்தடிக்கு வந்து இடத்தை அமத்தினனான்."

"எங்கட வீட்டிலயோ?"

"எல்லா வீட்டிலயும்."

குடத்தில் இருப்பது பின்கிணற்றுத் தண்ணீர். அப்படியென்றால் சிவப்பு முன்கிணற்றுக்கு இல்லை. ஒரு முழுத் தெரு, விஷத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதையே இன்னும் கூடக் குடித்துக்கொண்டிருந்தது.

"ஏன்டி வாய் திறக்கேல்ல?"

"என்னெண்டு திறக்கிறது? அப்ப தண்ணி எங்கத்தையெண்டு கேப்பினமே. கல்லுக்கு அங்கால எண்டு நானோ சொல்லுறது? பிறகு காணியைக் காட்டிக்குடுத்தவள் எண்டு ஊரே என்னை அடிக்கும்."

"எங்கட அப்பாட கிட்னி வருத்தம் உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும். உங்கட அம்மாவிட்டச் சொல்லச் சொல்லி எங்கட அம்மாவைக் கேட்டனான். 'நாம சொன்னா அதுங்க வேலிக்குத்தான் சொல்றம்னு நெனைக்கும்' எண்டிட்டா."

காலையில் அப்பா சொன்ன அதே கதை. நான் வழியை விட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "யாரு சொன்னது? மூக்கன் மவளா?"

அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அம்மா முன்கிணற்றில் ஒரு குடம் அள்ளி வந்து தேத்தண்ணி வைத்தா. அப்பா ஒரு மிடறு வாயில் வைத்துவிட்டு முற்றத்தில் துப்பினார்.

"சுப்பம்மா, நீயும் அவங்களோட சேந்துட்டியா?"

ஜனார்த்தனனுக்குப் போன் எடுத்தேன். மோட்டார் சைக்கிளில் வந்தான். பள்ளிக்கூடக் கணினி அறையில் கதைத்தோம். நான் சொல்லி முடித்ததும் அவனுக்கு முதலில் கோபம் வந்தது.

"ஒரு வருச வேலை. முழுத் தரவையும் வெட்டோணும். நான் காணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டனானோ?"

"நீர் கேக்கேல்ல. போன் கேட்டது."

"அது கிணறு எங்க இருக்கெண்டுதான் கேட்டது."

"அதைத்தான் நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லுறேல்ல."

அவன் கதிரையில் சாய்ந்தான். "நீர் கம்பஸை ஏன் விட்டனீர்?"

"அது உமக்குத் தேவையில்லாத கதை. இந்தப் புள்ளியளை ஆர் ஆர் பாப்பினம்?"

"ஆரும் பாக்கலாம். திறந்த தரவு. ஆய்வுக்குக் காசு தந்தவையின்ர நிபந்தனை அது."

"நாளைக்கு ஒருத்தன் இதை எடுத்துக் காணிக்குப் பாவிச்சா?"

"நான் பாவிக்கமாட்டன்."

"உம்மைக் கேக்கேல்ல."

சுவரில் பல்லி ஒன்று கத்தியது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அதுக்கு நான் சத்தியம் பண்ண ஏலாது" என்றான்.

பொய்யாவது சொல்லியிருக்கலாம். மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இடம் போடாமல் ஒரு போத்தலை மட்டும் சோதித்துத் தரச் சொல்லிக் கேட்டேன். இடம் பிடித்தால்தான் இலக்கம் வரும், இலக்கம் இல்லாத போத்தலை ஆய்வுகூடம் எடுக்காது என்றான். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். முன்கிணற்றில் உண்மையாகவே முன்கிணற்றுத் தண்ணீரை எடுத்துத் திரும்பச் சோதிப்போம். பச்சை வந்தால் அப்பா நம்புவார்தானே?

அவனே வந்து, அப்பாவின் கண் முன்னால் வாளியை இறக்கி அள்ளினான். கொஞ்ச நாளில் முடிவு வந்தது. பச்சை. உப்பு மட்டும் நாக்குக்குக் கூட.

அப்பா போனை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "அன்னைக்கு செவப்பு. இன்னைக்கு பச்சை. கெணறு மாறிச்சா?"

"இல்லை அப்பா, அண்டைக்கு விட்டது வேற தண்ணி..."

"கெணறு மாறல. அப்ப பொட்டிக்குள்ள இருக்கிறவன் மாறிட்டான். நாளைக்கு நீலம்னு சொல்லுவான். இவனுங்க பேச்ச நம்பி நான் உப்பு குடிக்கணுமா?"

செம்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். பின்கிணறே சிவப்பு என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு வழி இல்லை. அதற்குப் போன் கல்லைத் தாண்ட வேண்டும். அதைச் சொன்னபோது மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உசிரு போனா எனக்கு மட்டுந்தான் போவும். காணி போனா எல்லாத்துக்கும் போவும். அந்தச் சாமான் கல்லத் தாண்டக்கூடாது."

அடுத்த கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை முடிவு மேலும் ஏறியிருந்தது. இப்படியே போனால் மெசினில் போட்டு இரத்தம் கழுவ வேண்டி வரும், இரண்டு கிழமையில் திரும்ப வரச் சொன்னார்கள் என்று அம்மா வந்து அழாமல் சொன்னா. அப்பா அந்த முடிவையும் நம்பவில்லை. ஆனால் அம்மா இழுத்த இழுப்புக்குத் திரும்பப் போனார்.

அவர்கள் பஸ் ஏறியதும் நான் வேலிக்கு மேலால் தனுஷாவைக் கூப்பிட்டேன்.

"போனைக் கொண்டு வா. போத்தலையும்."

அவளுக்கு விளங்கியது. மூக்கன் மாமா வயலுக்குப் போயிருந்தார். நாங்கள் கல்லைத் தாண்டிப் போனோம். இத்தனை காலமும் மாடு தாண்டுகிறது, நாய் தாண்டுகிறது, நாங்கள் நாளுக்கு எத்தனை தரம் தாண்டுகிறோம். அன்று மட்டும் என் கால் கூசியது. பின்கிணற்றுக்கு மேலே ஒரு பாலை மரம் கவிந்து நிற்கிறது. அதன் நிழலில் நின்று போத்தலை நிரப்பினாள். போனில் நீல வட்டம் ஒன்று பெரிதாகச் சுற்றிக்கொண்டு நின்றது.

"வட்டம் சுருங்குமட்டும் பொறுக்கோணும் அண்ணா. மரத்துக்குக் கீழ இடம் சரியாப் பிடிக்காது."

பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். மூக்கன் மாமாவுடையது போல இருந்தது.

"அமத்து."

"நீங்களே அமத்துங்கோ. பிறகு மூக்கன்ர மகள்தான் காட்டிக்குடுத்தவள் எண்டு சொல்லக்கூடாது. அமத்தினா அழிக்க ஏலாது, சொல்லிப்போட்டன்."

நான் அமத்தினேன். போன் டிங் என்றது. மோட்டார் சைக்கிளில் வந்தது வேறு யாரோ.

அன்று இரவு வேலையில் எனக்குக் கேட்டில் கண் நிற்கவில்லை. என்னையே நான் காவல் பார்த்துக்கொண்டிருந்ததுபோல் இருந்தது. முடிவு வந்தபோது நினைத்தபடியே சிவப்பு. கல்லுக்கு அந்தப் பக்கம், பச்சைக் காட்டு நிறத்துக்குள், ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. எங்களுடையது. முழு உலகமும் பார்க்கலாம்.

அப்பாவிடம் போனை நீட்டினேன். "திட்டுறதெண்டாத் திட்டுங்கோ. முதல் பாருங்கோ."

அவர் திட்டவில்லை. போனை வாங்கினார். விரலால் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். கூரை, பாதை, வேலி, மரம் எல்லாம் மேலே இருந்து எடுத்த மாதிரித் தெரிந்தது. திடீரென்று சிரித்தார்.

"இது நம்ம கெணறு இல்லடா."

"என்ன?"

"நல்லாப் பாரு. இந்தா வேலி. புள்ளி எங்க கெடக்கு? மூக்கன் வாழைக்குள்ள கெடக்கு. செவப்பு அவன் தண்ணி."

உண்மைதான். நான் பொறுக்காமல் அமத்தியதில் புள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தது. அப்பா ஆறுதலாகச் செம்பைத் தூக்கினார். நான் காணியையும் காட்டிக்கொடுத்தாயிற்று, அவரையும் காப்பாற்றவில்லை.

அந்த ஆறுதல் பின்னேரம் வரைதான் நின்றது. யாரோ பிள்ளைகள் படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மூக்கன் மாமா வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார்.

"வீரையாண்ணே! ஒங்க கெணத்தத் தூக்கி எங் காணிக்குள்ள வச்சிருக்கீங்களாம்?"

"நான் எங்க வச்சேன்? வானத்துல இருக்கிறவன் வச்சான்."

"நாளைக்கு எவனாச்சும் வந்து, இது வீரையா கெணத்தடி, வேலி தப்புன்னு சொன்னா?"

"ஒனக்கு ஒறுதி இருக்கா அந்தக் காணிக்கு? பேச வந்துட்டான்."

"ஒறுதி இல்லாததாலதான்யா கேக்கிறேன்! ஒறுதி இருந்தா ஒங்க புள்ளி எங்க விழுந்தா எனக்கென்ன?"

கல்லுக்கு அந்தப் பக்கத்துக்கு உறுதி எங்கள் இடத்தில் யாரிடமும் இல்லை. மூக்கன் மாமா விடவில்லை.

"கலப்பை அகலம் தள்ளிட்டான் தள்ளிட்டான்னு ஊரு முழுக்கச் சொல்லித் திரிஞ்சீங்க. இப்ப யாரு தள்ளினது? தனுசா! அந்தப் போனக் கொண்டாடி. எங் கெணறு எங்க இருக்குன்னு நானே காட்டுறேன். அப்பத் தெரியும் இவங்க புள்ளி பொய்யின்னு."

தனுஷா என்னைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்து வந்தாள்.

மூக்கன் மாமா போனைக் கையில் வாங்கி, தன் பின்கிணற்றுக்கு நேர் மேலே, உள்ளே விழுந்துவிடுவார் போலக் கையை நீட்டிப் பிடித்தார். "வட்டம் சுருங்கட்டும் அப்பா" என்று அவள் சொல்லிக்கொண்டே நின்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் என் அப்பா ஏதும் களவு நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். வட்டம் ஒரு காசு அளவுக்குச் சுருங்கியது. மூக்கன் மாமா அமத்தினார். பிறகு போத்தலையும் தானே நிரப்பினார். மகளைக்கூட நம்பவில்லை.

அது முடிந்ததும் அப்பா குரல் கொடுத்தார். "இங்க கொண்டா. நம்ம புள்ளிய நம்ம கெணத்துக்குக் கொண்டு வா."

"கல்லைத் தாண்டக்கூடாது எண்டனீங்கள்?"

"மூக்கன் புள்ளி வச்சிட்டான்ல? நாம வைக்காட்டி ரெண்டு கெணறும் அவன்டதுன்னு ஆயிடும்."

அப்பாவே போனைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாலை மரத்தின் தாழ்ந்த கொப்பை வெட்டிவிட்டுத்தான் அமத்தினார்.

அடுத்த நாள் காலை நான் பஸ்ஸால் இறங்கும்போது மூக்கன் மாமாவுக்கு அந்தப் பக்கத்துக் காணிக்காரர் அப்புத்துரை அண்ணை எங்கள் வாசல் படலையில் நின்றார். யாழ்ப்பாணத்து ஆள். எங்களோடு அதிகம் கதையில்லை.

"தம்பி, மூக்கன் புள்ளி போட்டவராமே. எங்கட எல்லைக்குக் கிட்டவோ?"

"பாத்தா அப்பிடித்தான் தெரியுது."

"அப்ப அந்தப் பிள்ளையை எங்கட பக்கமும் வரச் சொல்லுமன். நான் காணியை விட்டுக்குடுத்திட்டுப் பேசாம இருக்கிற ஆள் எண்டு நினைச்சிடுவாங்கள்."

அவர் போட்டதைப் பார்த்து அவருக்கு அடுத்த வீடு. அதைப் பார்த்து அதற்கும் அடுத்த வீடு. தனுஷாவுக்குப் படிக்க நேரம் இல்லாமல் போனது. ஒவ்வொரு கிணற்றிலும் ஒருவர் போனை விளக்கு மாதிரி ஏந்திக்கொண்டு நிற்க, அயல்காரர் வேலியில் நின்று காவல் பார்த்தார்கள். ஒருவரும் தண்ணீரைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஜனார்த்தனன் எனக்குப் போன் எடுத்தான். "என்ன நடக்குது அங்க? புள்ளியாக் கொட்டுது. அதுவும் இவ்வளவு துல்லியமா! மற்ற ஊரிலயெல்லாம் நாங்கள் கெஞ்சுறனாங்கள். என்ன சொல்லிச் சம்மதிக்க வைச்சனீர்?"

"ஒண்டும் சொல்லேல்ல. ஆளை ஆள் நம்பாத சனம். விடும், வேலை நடக்கும்."

அவன் சிரித்தான். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

முடிவுகள் வந்தபோது பின்கிணறுகள் எல்லாம் சிவப்பு. முன்கிணறுகளை அவன் ஆட்களே வந்து திரும்ப எடுத்தார்கள். அவை பச்சை. சிவப்பு எழுத்துக்கு மேல் பச்சைப் பெயின்ற் அடித்தார்கள். மட்டமான பெயின்ற். இப்போதும் கீழே 'வேண்டாம்' என்பது மங்கலாகத் தெரிகிறது.

அப்பாவுக்கு எங்கள் புள்ளியைக் காட்டினேன். இந்த முறை வேலிக்கு இந்தப் பக்கம், சரியாகக் கிணற்றில் இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"மூக்கனுக்கு என்னா?"

"சிவப்பு."

"நம்மளவிடக் கூடவா கொறையவா?"

"கூட."

"அவனே புடிச்சு, அவனே அமத்தினானே." கொஞ்ச நேரம் யோசித்தார். "அவனுக்குக் கெடுதலா அவன் செய்ய மாட்டான்." செம்பில் இருந்த தண்ணீரை வாழையடியில் ஊற்றினார். "சுப்பம்மா, முன்கிணத்துல அள்ளு."

பல்கலைக்கழகம் சொல்லி நம்பவில்லை. டொக்டர் சொல்லி நம்பவில்லை. நான் சொல்லி நம்பவில்லை. மூக்கன் மாமாவுக்கும் கெட்டது என்று தெரிந்த பிறகுதான் நம்பினார். முன்கிணற்று முடிவைக் கிளினிக்கில் காட்டினோம். உப்புக்குப் பயமில்லை, இதையே குடியுங்கோ என்றார் டொக்டர். பழுதானது பழுதானதுதான். இனி ஏறாமல் நின்றால் பெரிய விசயம் என்றார். போன முறை ஏறவில்லை. இந்த முறை என்ன வருமோ தெரியாது.

நேற்றுக் காலை நான் வேலையால் வந்தபோது அப்பா முற்றத்தில் இருந்து உப்புத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மூக்கன் மாமாவும் அதே தேத்தண்ணிக்கு வீட்டில் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது.

"அந்தப் படத்தக் காட்டு" என்றார்.

காட்டினேன். கல்லுக்கு அந்தப் பக்கம், காட்டு நிறத்தின் மேல், தெரு நீளத்துக்குச் சிவப்புப் புள்ளிகள்.

"இதுல அந்தக் கல்லு தெரியுதா?"

"இல்லை. கிணறு மட்டும்தான்."

"அப்பச் சரி." இன்னொரு மிடறு குடித்தார். "பாக்கிறவனுக்கு இங்க கெணறு இருக்கு, ஆளுங்க இருக்காங்கன்னுதான் தெரியும். கல்லு இருக்கிறது தெரியாது."

கல் இருக்கிற படம் வன இலாகாவிடம் இருக்கிறது. கணினியில் ஒன்றை எடுத்து மற்றதன் மேல் வைப்பது பெரிய வேலை இல்லை. இரண்டு மூன்று தரம் அமத்தினால் போதும். அந்தப் பாடம் வரைக்கும் நான் கம்பஸில் இருந்தனான்.

அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. அவர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.